சரிவில் கிடந்த சங்கிலி

உன் மனைவி நேற்று ஒரு துணி முடிச்சை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அவிழ்த்தால், நம் தூக்குக்குண்டு. தென்காசியில் மொட்டைக் கோபுரத்துக்கு எதிரே, பாத்திரக் கடையில் இருவரும் சேர்ந்து வாங்கினோமே, அதே பித்தளைக் குண்டு. நீ காய்ச்சலில் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அழ வேண்டிய நேரத்தில் உன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

பள்ளியிறுதி முடித்ததும் நில அளவைக்குப் போவதென்று முதலில் முடிவு செய்தவன் நான். "வெயில்ல அலையுத சோலிலே அது" என்று கேலி செய்துவிட்டு நீயும் பின்னாலேயே வந்தாய். இரண்டு மாதம் நிலம் அளக்கும் சங்கிலியைப் பிடிக்கும் தற்காலிக வேலை. முடிவில் பயிற்சிப் பள்ளிக்கு ஒருவனைத்தான் அனுப்புவேன் என்று சர்வேயர் முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கோ அந்த வேலையில் கிறுக்கே பிடித்திருந்தது. தட்டில் விழும் தோசையைக்கூட முக்கோணங்களாகப் பிரித்துத்தான் தின்பேன்.

கடைசி வாரம் குற்றாலத்து மலையடிவாரத் தோப்பு ஒன்று. சரிவில் சங்கிலியை மட்டமாகத் தூக்கிப் பிடித்து, நுனியிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, அது தொடும் இடத்தில் குறி போட வேண்டும். தரையோடு போட்டால் நிலம் உள்ளதைவிட நீளமாகிவிடும். இது நம் இருவருக்கும் தெரியும். ஆனால் சாரல் தொடங்கியிருந்தது.

"ஏலே, ஐந்தருவில தண்ணி நல்லா விழுது. குண்டக் கட்டிக்கிட்டு நின்னா பொழுது போயிரும். தரையிலயே போடு" என்றாய்.

"தப்பாயிரும்லே."

"எவன் பாக்கான்? போடுலே."

போட்டேன். அது என் குற்றம், மறுக்கவில்லை. அருவியில் உன்னோடு கூத்தாடிக் குளித்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

மறுநாள் சர்வேயர் தாமே திரும்ப அளந்தார். நாலு சங்கிலித் தூரத்தில் பன்னிரண்டு கண்ணி, ஏறக்குறைய எட்டடி, மிகுதி. "குண்டு கட்டலையா?" என்று கேட்டார். நீ உன் பையிலிருந்து இந்தக் குண்டை எடுத்து நீட்டினாய். "நான் கட்டச் சொன்னேன் சார். குளிக்கப் போவணும்னு இவந்தான் அவசரப்பட்டான்."

நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த நொடி சிரித்து, விளையாட்டுக்குச் சொன்னேன் என்பாய் என்று நினைத்தேன். நீ குண்டின் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாய். பயிற்சிக்கு நீ போனாய். நான் பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டைக்குச் சீட்டு எழுதப் போனேன். அதன் பிறகு பத்து வருஷம் தெருவில் எதிர்ப்பட்டால் நலம் விசாரித்தாய். ஒரு தடவையாவது அந்தத் தோப்பைப் பற்றிப் பேசுவாய் என்று ஒவ்வொரு தடவையும் காத்திருந்தேன்.

நேற்று உன் மனைவி சொன்னார்: "அண்ணாச்சி, இது உங்க கையில இருக்கணும்னு சொன்னாவ. தப்பில்லாம அளக்க உங்களப் பாத்துத்தான் படிச்சாவளாம்."

அவர் கண் கலங்கியிருந்தது. "ஆமாம்மா" என்றேன். வேறென்ன சொல்வேன்?

எனக்கு மனசு ஆறவில்லை. நடந்தது தெரிந்தவர்கள் நாம் இருவர்தான். ஒரு வார்த்தை சொல்லாமல் நீ போய்விட்டாய். இனி நான் வாயைத் திறந்தால், செத்தவன்மேல் பழி போடுகிறான் என்பார்கள்.