கதவில் எழுதிய மறுப்பு

அன்பு மகள் டோராலிஸுக்கு அப்பா அப்தியாஸ் எழுதுவது. நான் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புவதாகத்தான் எல்லோரும் எழுதுவார்கள், எனக்கோ அது நிச்சயமாகவே தெரியும், எப்படித் தெரியும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆமாம் மகளே, இது என் கையெழுத்துதான், நான் சொல்லச் சொல்ல யாரும் எழுதவில்லை. ஒரு வரி முடிவதற்குள் காபி ஆறிப்போகிறது, ஆனாலும் எழுதியதை நானே திரும்பப் படித்து நானே சிரித்துக்கொள்கிறேன். வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. மழை இல்லை. முழங்கால் பரவாயில்லை.

நான் எழுதப் படிக்கக் கற்கும் சாயங்கால வகுப்பில் சுலெய்டி டீச்சர் மாநிலக் கொடிகளின் படத்தைத் தொங்கவிட்டு, அவற்றில் எழுதியிருப்பதை எங்களைப் படிக்கச் சொன்னாள். மினாஸ் கொடியில் ‘தாமதமானாலும் விடுதலை’ என்று இருக்கிறது, அது அந்தக் காலத்தில் கடல் தாண்டி நம்மை ஆண்ட அரசிக்கு எதிராகக் கிளம்பியவர்கள் வைத்துக்கொண்ட வாசகமாம். நீ இருக்கிற மாநிலத்தின் கொடி பிறந்த குழந்தைக்கு வாங்கும் துணி மாதிரி ரோஸும் நீலமுமாக இருக்கிறது, அதில் ‘உழை, நம்பு’ என்று எழுதியிருக்கிறது. எல்லாம் உன் கையில் என்று உழை, எல்லாம் கடவுள் கையில் என்று நம்பு என்று பழைய பாதிரியார்கள் சொன்னதிலிருந்து வந்ததாம், எனக்கு அது பிடித்தது, நீயும் அப்படியே இரு. நம் பராயீபா கொடிதான் கறுப்பும் சிவப்பும். அதில் வெள்ளையாக ஏதோ வரைந்திருக்கிறார்கள் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன், நேகோ, மறுக்கிறேன். தலைநகரத்தார் காட்டிய ஆளை ஜனாதிபதியாக்கச் சம்மதிக்க மாட்டேன் என்று நம் ஆளுநர் மறுத்தாராம், மறுவருஷம் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்களாம், கறுப்பு துக்கத்துக்கு, சிவப்பு இரத்தத்துக்கு. கறிக்கடை ஜெனிவால் உடனே, “டீச்சர், என் பொண்டாட்டி தினமும் சொல்ற வார்த்தைதான் இது, அவளுக்கு ஒரு கொடி தைச்சுக் குடுத்துடுங்க” என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மத்தியானம்தான் ஓர் ஆள் நம் வீட்டுக்கு வந்து போயிருந்தான்.

அவனைப் பற்றி உனக்குத் தெரியாது. இந்த வருஷம்தான் வர ஆரம்பித்தான். உச்சி வெயிலில், தெருவில் ஒரு கோழிகூட இல்லாத நேரத்தில், எல்லோரையும் போல வாசலில் நின்று கைதட்டிக் கூப்பிடுவான். வெள்ளைச் சட்டை, வெளுத்த குடை, இந்தப் புழுதியில் நடந்து வந்தும் காலில் தூசி இருக்காது. தூர ஊரில் இருக்கும் பிள்ளையின் பெயரைச் சொல்லி, உங்க பிள்ளைதானே என்று கேட்பான், அவ்வளவுதான் கேட்பான். பெற்றவர்கள் நம் ஊர் வழக்கப்படி உள்ளே கூப்பிட்டு, காபி கொடுத்து, ஆமாம் என் பிள்ளைதான் என்று பெருமையாகச் சொல்லிவிடுவார்கள். பக்கத்து வீட்டு ஜோவெலினாவும் அப்படித்தான் சொன்னாள், மகன் எடில்சன் சின்ன வயதில் வாங்கிய பரிசையெல்லாம் எடுத்துக் காட்டினாள். அந்த வாரமே எடில்சன் வேலை செய்த ஊரிலிருந்து சவப்பெட்டி வந்தது. மேலத் தெருவிலும் இரண்டு வீட்டில் இதே கதை. நம் வாசலில் அவன் தட்டியபோது உள்ளங்கைகள் சேர்ந்ததைப் பார்த்தேன், சத்தம் அப்புறம்தான் வந்தது. நாய் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. “ஐயா, டோராலிஸ் உங்க மகதானே?” என்று மரியாதையாகக் கேட்டான். காது கேட்காதவன் மாதிரி நின்றேன். “பரவாயில்லீங்க, நாளைக்கு வர்றேன்” என்று சொல்லிப் போனான்.

வகுப்பிலிருந்து வந்து கண்ணாடி முன் நின்று, எனக்கு அப்படி ஒரு மகள் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். ‘எனக்கு’ என்பதற்கு மேல் வாய் வரவில்லை மகளே. உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட வாய்க்கு அது முடியாது, ஆனால் கை இப்போதுதானே பள்ளிக்கூடம் போகிறது, கைக்கு முடியும் என்று தோன்றியது. அடுப்புக்கரியை எடுத்துக் கதவில் பெரிதாக எழுதினேன், நேகோ. மறுநாள் அவன் வந்தான், கைதட்டவில்லை. ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து, என்னைப் போலவே மெதுவாகப் படித்தான். “சரிங்க ஐயா. இல்லேன்னா இல்லைதான்” என்று சொல்லிவிட்டுப் போனான். நான் சமையலறையில் ஒற்றை ஆளாக ஆடினேன், நாயும் வெளியே வந்து ஆடியது.

சந்தோஷத்தில் ஜோவெலினாவிடம் ஓடினேன், என் மகள் பிழைத்தாள் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, “எந்த மக? உனக்கு ஏதுண்ணே பிள்ளை? பெத்துப் பறிகொடுத்தவகிட்ட வந்தா இப்படி விளையாடுவே?” என்று அழுதாள். ஜெனிவாலைக் கேட்டேன், “அண்ணே, வெயில்ல தொப்பி போட்டுக்கிட்டுப் போங்க” என்றான். உனக்கு நான்கு வருஷம் பாடம் சொன்ன சுலெய்டி டீச்சரும் அப்படி ஒரு பெண் என்னிடம் படிக்கவே இல்லையே என்கிறாள். சுவரில், கோயிலில் நீ முதல் நன்மை வாங்கிய அன்று எடுத்த படத்தில் மெழுகுவர்த்தி இருக்கிறது, அதைப் பிடித்த கை இல்லை. ஜோவெலினா வீட்டுக்கு நீ போன் செய்தால் அவள் என்ன சொல்லி வைக்கிறாளோ, அதனால் கோபப்படாதே, அவள் பொய் சொல்லவில்லை.

ஈரத்துணியோடு கதவு முன் ஒரு முழுக் காலை நின்றேன். அழித்தால் உன்னை எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிடும், ஆனால் அவனுக்கும் வந்துவிடுமே. துணியைப் பிழிந்து உலர்த்தும் கயிற்றில் போட்டுவிட்டேன். அதனால் சாவோ ஜோவாவோ திருவிழாவுக்கு ஊருக்கு வராதே. திருவிழாவில் சுடுகிற மக்காச்சோளம் அங்கேயும் கிடைக்கும், வாங்கிச் சுட்டுத் தின்னு. இன்னொன்றும் சொல்ல வேண்டும், பயப்படாதே. இன்று உன் பெயரை நான் பழைய உறையைப் பார்த்துத்தான் எழுதினேன். நேற்று பார்க்காமல் எழுதினேன். உன் அம்மா பிரசவத்தில் பட்டது நினைவிருக்கிறது, பிறந்தது ஆணா பெண்ணா என்று இந்தக் கடிதத்தின் முதல் வரியைப் படித்துத் தெரிந்துகொள்கிறேன். ஆகையால் நீ பதில் எழுதினால், யாரோ தெரியாதவர் கடிதம் என்று சொல்லி நான் திருப்பி அனுப்பிவிடக்கூடும். பிரிக்காமல் திரும்பி வந்தால் அழாதே. மறுப்பு நன்றாக வேலை செய்கிறது, நீ நன்றாக இருக்கிறாய் என்று வைத்துக்கொள்.

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், நீ நூறு வயது இரு. வாசலில் யாராவது கைதட்டினால் முதலில் அவர்கள் காலில் தூசி இருக்கிறதா என்று பார்.

இப்படிக்கு, இந்த நிமிஷம் வரை உன் அப்பா,
அப்தியாஸ்