செம்பு வளையத்தில் சந்தனம்

புரட்டாசி 28, விஜயதசமி, ராத்திரி.

மனசு ஆறவில்லை. நேற்று ஆயுத பூஜைக்கு எங்கள் அரிசி மில்லில் மிஸ்திரி பொட்டு வைத்தார். ஆயில் எஞ்சினோடு நிற்காமல் டைனமோவைத் திறந்து, உள்ளே பளபளவென்று இருந்த செம்பு வளையத்திலும் சந்தனத்தை அப்பிவிட்டார். இன்று காலையில் எஞ்சின் ஓடியது, ஒரு பல்பும் எரியவில்லை. நாளைக்கு மாரியம்மன் கோயிலுக்கு நாங்கள்தான் விளக்குப் போட வேண்டும்.

"காயில் எரிஞ்சுபோச்சு அண்ணே. மதுரைக்கு அனுப்பணும், பத்து நாளாகும்" என்று மிஸ்திரி என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

மிஷினோடு வந்த படத்தைப் பார்த்து ஒவ்வொன்றின் பேரையும் நோட்டில் எழுதிப் படித்தவள் நான். "கார்பன் கட்டை உரசுற இடத்துல சந்தனம் காஞ்சு கிடக்கு. அதைத் தேய்ச்சு எடுங்க" என்றேன்.

"டைனமோ என்ன ஆட்டுக்கல்லா மதினி, கழுவி வைக்க?" என்று சிரித்தார் மிஸ்திரி. இவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எஞ்சினை நிறுத்திவிட்டு இருவரும் காபிக்குப் போனார்கள். நான் உப்புத்தாளை எடுத்து அந்த வளையத்தைத் தேய்த்தேன். அவர்கள் திரும்பி வந்து ஓட்டிப் பார்த்தால் எல்லா பல்பும் எரிகிறது.

"ஆத்தா கண்ணைத் திறந்துட்டா அண்ணே!" என்று மிஸ்திரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். இவரும் போட்டுக்கொண்டார்.

ஆத்தாளைக் கும்பிடாதவளா நான்? ராத்திரி சோறு போடும்போது, சந்தனம் படிந்த உப்புத்தாளை இவர் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். பார்த்தார். ரசம் கேட்டார்.