கடவாய்ப்பல்லுக்குக் கேப்

புதன்கிழமை, இரவு.

மாலதியிடம் இன்னும் கேட்கவில்லை. வரும் வழியில் லோத்குண்டா சிக்னலில் கேட்டுவிடலாம் என்று வண்டியில் திரும்பிப் பார்த்தேன். அவள் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

சைனிக்புரி பல் டாக்டரிடம் போயிருந்தோம். அவளுடைய கடவாய்ப்பல்லுக்கு மேலே உறை மாதிரி ஒரு கேப் போட வேண்டும். டாக்டர் தெலுங்குப் பெண்மணி என்றாலும் சென்னையில் படித்தவர், எங்களிடம் தமிழிலேயே பேசுவார்.

“பின்னாடி பல்லுதானே, மெட்டலே போதும்” என்றார். மாலதி, பல் நிறத்திலேயே இருக்கும், விலை கூடிய ஜிர்கோனியாதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள்.

“அதை யாரு பார்க்கப்போறா? ஊருக்கெல்லாம் வாயைத் திறந்து காட்டப்போறியா?” என்று டாக்டர் எதிரிலேயே எரிந்து விழுந்தேன்.

அவள் என்னைப் பார்க்காமல் டாக்டரிடம் சொன்னாள்: “ஆறு மாசத்துக்கு ஒரு தடவை தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கணும்னு சொல்லியிருக்காங்க மேடம். வாயில மெட்டல் இருந்தா படம் தெளிவா வராதாமே?”

போன மாதம் தலைவலிக்கு எடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தாள். ரிப்போர்ட் வாங்க அவளே ஆட்டோ பிடித்துப் போனாள். எனக்கு அன்று ஆபீஸில் மீட்டிங்.

டாக்டர் மாதிரிப் பற்களை அவள் வாயருகே வரிசையாகப் பிடித்து, எந்த நிறம் ஒத்துப்போகிறது, வீட்டுக்காரரே சொல்லட்டும் என்று என்னைக் கேட்டார். எல்லாமே ஒரே வெள்ளையாகத் தெரிந்தது. ஏதோ ஒன்றைக் காட்டினேன்.

“ஜிர்கோனியான்னா பதினஞ்சு வருஷம் தாராளமா வரும்” என்றார்.

“அவ்வளவு எதுக்கு மேடம்” என்று மாலதி சிரித்தாள்.

நானும் கூடச் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன்.