பதினோராம் அத்தியாயத்து மொட்டை

அன்பு அனிதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் தாத்தாவும் சுகம்தான், புனேயில் மழை விட்டதா, உன் இருமல் நின்றதா. போன மாதம் ஒரு புத்தக அறிமுகக் கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன், போனில் சொல்ல எனக்கு வராது. அந்தப் புத்தகத்தில் வரும் மொட்டைத் தலை என் நைனாவுடையது, உன் தாத்தாவுடையது என்று நான் சொல்லவில்லை. கேள்வி இருந்தால் கேட்கலாம் என்று மைக்கை என் வரிசைக்கே கொண்டுவந்தார்கள். நான் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தேன்.

உளவுத்துறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வுபெற்ற நாகராஜன் என்பவர் திருத்தணியில் வீடு கட்டிக் குடிவந்து எழுத்தாளர் ஆகியிருக்கிறார். கூட்டம் அவர் புத்தகத்துக்குத்தான். அதை முன்னாலேயே வாங்கி, சென்னை ரயிலில் போக வரப் படித்துவிட்டேன். ஒவ்வொரு அத்தியாயமும் இருட்டில் தொடங்கி ஜீப்பில் முடிகிறது. எல்லோரும் அவரைக் கண்டு வியர்க்கிறார்கள், அவருக்கு மட்டும் வியர்ப்பதில்லை, ஆடி மாதத்தில் மலைப்படி ஏறும்போதுகூட. பதினோராம் அத்தியாயம் 1992 ஆடிக் கிருத்திகை. பள்ளிப்பட்டு நெசவாளி ஒருவன் வாராவாரம் லுங்கிக் கட்டோடு ஆந்திர எல்லை தாண்டி நகரிக்குப் போய்வருகிறானாம், ஆகவே அவன் ஆந்திரத் தீவிரவாதிகளுக்குக் கடிதம் சுமப்பவனாம். இவர் பின்தொடர்வதைக் கண்டுகொண்டு மலைமேல் ஓடித் தலையை மழித்துக் கூட்டத்தில் கலந்துவிட்டானாம். ‘ஆயிரம் மொட்டைகளில் என் மொட்டையைக் கண்டுபிடித்தேன்’ என்று எழுதியிருக்கிறார், பிடரியில் இருந்த பிளேடு வெட்டை அடையாளம் வைத்து. கிருத்திகையன்று திருத்தணியில் மொட்டை போடுவதை மாறுவேடம் என்று நினைக்க எத்தனை வருடப் பயிற்சி வேண்டியிருக்கும் என்று பார். வழக்கம்போல அத்தியாயம் ஜீப்பில் முடிந்துவிடுகிறது. ஒன்பது நாள் கழித்து ஒன்றும் கிடைக்காமல் விட்டார்கள் என்பதும், அதன் பிறகு இரண்டு வருடம் எந்த வியாபாரியும் தாத்தாவுக்கு நூல் கொடுக்கவில்லை என்பதும் அவர் எழுதத் தகுந்த விஷயங்கள் இல்லைபோல. அந்த மொட்டை எனக்கு ஆறு வயதில் டைபாய்டு வந்தபோது வேண்டிக்கொண்டது.

பேர் போடாமல்தான் எழுதியிருக்கிறார், அதோடு போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆனால் அப்போது பிடித்த ஆட்களின் படங்கள் தன்னிடம் இருப்பதாகவும் இரண்டாம் பதிப்பில் சேர்க்கப்போவதாகவும் மேடையில் சொன்னார், கைதட்டினார்கள். தாத்தா இன்றைக்கும் பள்ளிப்பட்டு ஜவுளிக்கடையில் உட்கார்ந்து நாலு பேருக்கு வணக்கம் சொல்லி வாழ்கிறவர். வீட்டுக்கு வந்து சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், அவர் சட்டையை மாட்டிக்கொண்டு நட போகலாம் என்றார்.

அவர் வீட்டுக்குப் போனதும், கையெழுத்து வாங்க வந்தோம் என்று நினைத்து நாகராஜன் பேனா மூடியைக் கழற்றிவிட்டார். தாத்தா உட்காரவில்லை. “சார், அந்த மொட்டை இந்தப் பொண்ணு காய்ச்சல்ல படுத்துகினு இருந்தப்போ வேண்டிக்கினதுங்க. எழுதுனது எழுதுனதாவே இருக்கட்டும், போட்டோ மட்டும் வேணாங்க, பேத்தி பாக்கும்” என்றார். அவர் தாத்தாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அன்பாகவே, வேண்டுதல் பற்றிக் கோப்பில் ஒன்றும் இல்லையே என்றார். எழுபத்தொரு வயது மனிதர் எதிரில் நிற்கிறார், இவர் காகிதத்தைக் கேட்கிறார். மொட்டை போட்ட சீட்டு ஏதாவது வைத்திருந்தால் பரிசீலிக்கலாமாம். முப்பத்து மூன்று வருடத்துக்கு முந்தைய சீட்டு! வழியெல்லாம் எனக்குப் பல் நறநறத்தது, பஸ்ஸில் தாத்தா சிரித்துக்கொண்டே, சீட்டை முருகனாண்டதான் கேக்கணும் என்றார். அப்புறம் ஊர் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார்.

உனக்கு இதை எழுதுவது, யாராவது அந்தப் பக்கத்தைப் போனில் அனுப்பி இது உங்கள் தாத்தாவா என்று கேட்டால் நீ முழிக்கக் கூடாது என்பதற்காக. ஆமாம் என்று சொல், காரணத்தையும் சொல். நான் வாயை மூடிக்கொண்டதுபோல நீ இருக்காதே. மெஸ்ஸில் ஆறிய சோற்றைச் சாப்பிடாதே, ஃபைனல் பரீட்சைத் தேதி தெரிந்ததும் எழுது. தணிகை மலையான் உன்னைக் காக்கட்டும், நல்லா இரு கண்ணு.

உன் அம்மா
சுலோச்சனா

பி.கு. மூன்று வாரமாக இதைத் தபாலில் சேர்க்காமல் வைத்திருந்தேன். நேற்று இரண்டாம் பதிப்பு வந்தது. தாத்தாவின் படம் 143ஆம் பக்கத்தில் இருக்கிறது.