அசையாத எலி

மார்ச் 3, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். அப்பாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். போனில் எதுவும் கேட்காதே, பக்கத்திலேயே நிற்கிறார். பதிலைப் பக்கத்து வீட்டு டீச்சர் முகவரிக்குப் போடு.

குழாய்க்குள் யாரோ பேசுகிறார்கள் என்று அம்மா மறுபடியும் தெருவுக்கு ஓடிவிட்டாள். இப்போது பின்னறையில் இருக்கிறாள். அப்பா ஜன்னலை மூடி, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டார். டாக்டரைக் கூப்பிடலாம் என்றேன்.

"டாக்டர் எதுக்கு? எலியை இருட்டுப் பெட்டியில போட்டா அடங்கிடும்னு உங்க அக்காவே சொன்னாளே. படிச்சவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்கிறார்.

நிஜமாகவே அம்மா இப்போது கத்துவதில்லை. ஒரே மூலையில் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். குணமாகிறதுதானே?

உன் வாலு

மார்ச் 9

என் செல்ல வாலு,

இல்லை. ஆய்வகத்தில் எனக்கு என்னதான் வேலை என்று அப்பா கேட்டபோது அந்த எலிக் கதையை விளையாட்டாகச் சொல்லிவைத்தேன். எங்கள் ஆராய்ச்சியே பயத்தைப் பற்றியது. எலி ஓடினால், கீச்சிட்டால் கவலையில்லை. மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு உறைந்து நின்றால்தான் 'பயம்' என்று குறித்துக்கொள்வோம். அம்மா அமைதியாகவில்லை, உறைந்துவிட்டாள்.

அப்பா வேலைக்குப் போனதும் தாழ்ப்பாளைத் திற. திறந்ததும் வெளியே வந்துவிடமாட்டாள். எங்கள் எலிகளும் அப்படித்தான். உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார். மனநல டாக்டரோடு அடுத்த வாரம் சனிக்கிழமை வருகிறேன்.

அக்கா

மார்ச் 13, இரவு

அக்கா,

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவதுபோல் பையை மாட்டிக்கொண்டு, அப்பா போனதும் திறந்தேன். நீ சொன்னதுபோலவே அம்மா வரவில்லை. உள்ளே போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"குழாய மூடிட்டியாடி?" என்றாள்.

"மூடிட்டேம்மா."

பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. அப்பா எதையோ மறந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். "அம்மாகூடவே இருக்கணுமா? இரு. நீயும் அடங்கு" என்றார்.

ஜன்னல் இடுக்கு வழியாக டீச்சரைக் கூப்பிட்டேன். "உங்க வீட்டு விஷயம்மா, எனக்கெதுக்கு வம்பு" என்கிறார். கடிதத்தை மட்டும் தபாலில் போடுகிறாராம். பையிலிருந்த நோட்டுத்தாளில், டார்ச் மங்க மங்க எழுதுகிறேன்.

அம்மா என் மடியில் படுத்திருக்கிறாள். நானும் உறைந்துவிடக் கூடாதென்று காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறேன். பாடுகிறேன், வாய்ப்பாடு சொல்கிறேன், கதவைத் தட்டுகிறேன். கை ஓய்ந்துவிட்டது.

சனிக்கிழமை நீ வரும்போது சத்தமே இருக்காது. வாலு நல்ல பிள்ளையாகிவிட்டாள் என்று அப்பா சொல்வார். நம்பாதே.