ஓசையின்றி வந்த மகிழுந்து

அன்புத் துணைவிக்கு,

நீ பிடிவாதமாய் வாங்கவைத்த ஹைபிரிட் மகிழுந்து எப்படி ஓடுகிறது என்று கேட்டு எழுதியிருந்தாய். என் ஓயாத பேச்சைத் தாங்காமல் "வீடென்ன மேடையாங்க?" என்று சொல்லிவிட்டு உன் தங்கை வீட்டுக்குப் போன மூன்று திங்களில் நீ கேட்ட ஒரே கேள்வி அது. ஆகவே விரிவாகவே விடையளிக்கிறேன்.

நகர நெரிசலில் லிட்டருக்கு இருபத்து நான்கு கிலோமீட்டர் தருகிறது. முதல் நாள் சிவப்பு விளக்கில் பொறி அடங்கியதும், பழுதென்று எண்ணிப் பொத்தானை அழுத்தி உண்மையிலேயே நிறுத்திவிட்டேன். பின்னால் ஒலியெழுப்பியவர்களிடம் இறங்கிச் சென்று பொறுமையின் மாண்பை முழங்கினேன். பழுது பார்க்கப் போனபோது, என் கூட்டங்களுக்கு வரும் பணிமனைக்காரர் சிரித்தார்: "ஐயா, வண்டி ஆஃப் ஆகல, பேட்டரில இருக்கு. மேடையில பேசற மாதிரி மிதிக்காதீங்க. பிரேக்கை மெதுவா அழுத்துனா அதுவே சார்ஜ் ஏத்திக்கும்."

நெடுஞ்சாலையில் பத்தொன்பதுதான். நூற்றுப் பத்தில் விரைந்தால் பொறி ஓயாமல் உழைக்கிறது. மின்கலத்துக்குப் பெரிதாய் வேலையில்லை.

எந்த நெடுஞ்சாலை என்று நீ கேட்கலாம். சென்ற ஞாயிறு உன்னை அழைத்துவரப் புறப்பட்டேன். வழியெல்லாம் உரை ஒன்றை ஒத்திகை பார்த்தேன். உன் தங்கை வீட்டுத் தெருவில் வண்டி ஓசையின்றி ஊர்ந்ததால் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. திறந்திருந்த சாளரத்தின் வழியே நீ சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்பை நம் வீட்டில் நான் கேட்டதேயில்லை. நீ சிரித்தபோதெல்லாம் நான் பேசிக்கொண்டிருந்திருப்பேன். அப்படியே திரும்பிவிட்டேன்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு வருவேன். ஒலியெழுப்ப மாட்டேன், உரையும் கொண்டுவர மாட்டேன். வெளியே வர மனமிருந்தால் வா. முதலில் நீ பேசு.

உன்னவன்