வசவு நாள்

அன்புள்ள தம்பி ஹால்தெனுக்கு,

உன் அக்கா ரூனிஸ் எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே ஆடுகள் சுகம். உன் அத்தானுக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை. பொறுமையாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியாது போலிருக்கிறது.

தலைநகரத்தில் நீ வேலை பார்க்கும் பெரிய கோயிலிலிருந்து நீங்கள் அனுப்பிய பூசாரி கல்ரெட் இரண்டு காவலர்களோடு வந்து சேர்ந்தார். வந்த அன்றே ஆற்றங்கரையில் நின்று கட்டளையை வாசித்தார். இனி வசவு நாள் கிடையாதாம். காட்டுக்கும் ஆற்றுக்கும் தாயான ஐல்வாவைப் பெண்கள் வாய்க்கு வந்தபடி ஏசுவது தெய்வ நிந்தனையாம். அந்த நாளில் எல்லாரும் வெள்ளை உடுத்தி, அவர் கொண்டுவந்த துதியைப் பாட வேண்டுமாம். புன்னகை பூத்த தாயே என்று ஆரம்பிக்கிறது அந்தப் பாட்டு.

ஐல்வா என்றைக்கடா புன்னகைத்தாள்? அறுவடைக்கு முதல் நாள் கல்மழை கொட்டுகிறவள் அவள். அவளை நிற்கவைத்துக் கேள்வி கேட்கத்தானே வருஷத்தில் ஒரு நாள் வைத்திருக்கிறோம்? திட்டித் தீர்த்துவிட்டு, வாற்கோதுமை ரொட்டியில் பாதியை அவளுக்கு எறிந்து, மீதியைத் தின்று, ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தால் மனஸ்தாபம் முடிந்தது. இதைவிடப் பெரிய பூஜை உங்கள் பளிங்கு மண்டபத்தில் நடக்கிறதா?

பக்கத்து வீட்டு ப்ரெட்டா சும்மா இருப்பாளா? கூட்டத்துக்கு நடுவிலேயே பிடித்துக்கொண்டாள். "சாமி, நான் என் மாமியார மூஞ்சிக்கு நேரா திட்டுறவ. அவ சாகக் கிடந்தப்ப என்னத்தான் கூப்பிட்டா, கொஞ்சிக் கொஞ்சிப் பேசின மூத்த மருமகள இல்ல. என் மாமியாருக்கு இருந்த புத்திகூட ஐல்வாவுக்கு இருக்காதா?" என்றாள். ஊரே சிரித்தது. பூசாரிக்குக் காது சிவந்துபோயிற்று. கட்டளை கட்டளைதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் சிரிக்கவில்லை. இந்த வருஷம் என்னிடம் ஒரு கேள்வி இருந்தது.

என் எஸ்கா விளையாடப் போய் ஆற்றில் விழவில்லை. ஐல்வாவுக்கு ரொட்டி போடத்தான் போனாள். ஒன்பது வயதுப் பிள்ளை, கையில் ரொட்டியோடு கல்லில் நின்றவளைப் பனிக்காலத் தொடக்கத்து வெள்ளம் கொண்டுபோயிற்று. படையல் கொண்டுவந்த கையையே இழுத்துக்கொள்கிறவளை நான் என்னவென்று கேட்பது? பனிக்காலம் முழுக்க மாவு பிசையும்போதெல்லாம் அந்த வார்த்தைகளைச் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். இன்னும் அழக்கூட இல்லை. எல்லாவற்றையும் அந்த நாளுக்கென்று வைத்திருந்தேன்.

அந்த நாளும் வந்தது. பெண்கள் யாரும் பாடவில்லை. பூசாரி தன்னந்தனியாகப் பாடினார், அதுவும் சுருதியே இல்லாமல். நான் முன்னால் போய், "ஏய் ஐல்வா" என்றேன். அவ்வளவுதான். காவலர்கள் இரண்டு பேரும் என்னை மூட்டை மாதிரித் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த வசந்தம் வரை நான் கரையில் கால் வைக்கக் கூடாதாம்.

அதன் பிறகு என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துப் பூசாரி ஒன்று சொன்னார். "வருத்தப்படாதீங்கம்மா, இந்த வசவு நாள் விஷயத்த எங்களுக்குச் சொன்னதே உங்க தம்பிதான். விருந்துல அப்படியே நடிச்சுக் காட்டினார். நாங்க வயிறு குலுங்கச் சிரிச்சோம். தலைமைப் பூசாரிதான் சிரிக்கல." கட்டளை ஓலையை வாங்கிப் பார்த்தேன். எழுத்து உன்னுடையது, ஹால்தென். உனக்குக் கைபிடித்து எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான். எனக்குத் தெரியாதா?

யாரை நடித்துக் காட்டினாய்? நம் அம்மாவையா, என்னையா?

மனஸ்தாபம் உள்ளவள் ஐல்வாவின் தண்ணீரைக் குடிக்கமாட்டாள் என்பது உனக்கே தெரியும். ஆறும் ஊற்றும் மழையும் அவளுடையவை, பனி மட்டும் வடக்குச் சாமியுடையது. வெள்ளம் வடிந்ததிலிருந்து பனியை உருக்கித்தான் குடிக்கிறேன். இப்போது ஆலைக்குப் பின்னால் நிழலில் ஒரு வண்டிப் பனிதான் மிச்சம். பத்து நாள் தாங்கும். ஆற்றுத் தண்ணீரையே குடித்துத் தொலை என்கிறார் அத்தான். கேட்காமல் குடித்தால், அவள் செய்தது சரி என்று நான் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகாதா? என் பிள்ளையை அப்படி விட்டுக்கொடுக்க என்னால் ஆகாது.

கட்டளையை மாற்று என்று நான் கேட்கவில்லை. அது உன்னால் முடியாது என்று தெரியும். உன் கோயில் அங்கியைப் போட்டுக்கொண்டு வா. கரையில் என் பக்கத்தில் நில், போதும். நீ நின்றால் அந்தக் காவலர்கள் என்மேல் கை வைக்கமாட்டார்கள். நான் கேட்டு முடித்த பிறகு நீயும் கேள். எஸ்காவுக்குத் தாய்மாமன் நீ. ஐல்வாவிடம் கேட்க உனக்கு ஒன்றுமே இல்லையா?

ஐல்வா உன்னைக் காக்கட்டும் என்று எழுதித்தான் கடிதத்தை முடிக்க வேண்டும். அது என் கைக்கு வரவில்லை, தம்பி. பனி தீருவதற்குள் வா. அவளிடம் பேசி முடித்ததும் உன் நெற்றியில் கை வைத்து நேரிலேயே சொல்கிறேன்.

உன் அக்கா,
ரூனிஸ்